கடலடியில் மனித உடல்



தில்லியில் குடியிருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசப் புகுவது சற்று விந்தையாகத் தோன்றலாம். இந்நகரிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் பல நூறு கிலோமீட்டர் கடந்தாலன்றி உப்புக் காற்று நம்மேல் படாது. எனினும் நீரில் மூழ்குவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இங்கும் உண்டு. மெஹ்ரௌலியில் குதுப் மினாருக்குச் சற்றுத் தொலைவில் 'கந்தக் கி பாவ்லி' என்றொரு படிக்கிணறு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், சுல்தான் இல்தூத்மிஷ் காலத்தில் கட்டப்பெற்றது. ஐந்து அடுக்குகள் உடையது. நீரில் கந்தக வாடை வீசியதால் அப்பெயர் வந்தது. மேலடுக்கிலிருந்து இளைஞர்கள் கீழே பாய்ந்து, வேடிக்கை பார்க்க வந்தோரிடம் காசு பெற்ற காலம் ஒன்று இருந்தது. யமுனைத் துறைகளிலோ, 'கோத்தாகோர்' என வழங்கப்பெறும் மூழ்காளர்களை இன்றும் காணலாம். பக்தர்கள் ஆற்றில் எறியும் காசுகளைத் தேடி எடுப்பவர்களும் அவர்களே. யாரேனும் தவறி விழுந்துவிட்டால் தேடுவதற்கு முதலில் அழைக்கப்படுபவர்களும் அவர்களே.

ஒரு குளிர்கால மாலையில், அத்தகைய மூழ்காளர் ஒருவர் யமுனையின் கரிய நீருள் தலை மறையக் கண்டோம். நம்மை அறியாமலே ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினோம். நாற்பதை எட்டுமுன் கரையில் நின்ற நமக்கே மூச்சு முட்டிற்று. ஐம்பத்தைந்தில் அவர் தலை வெளியே தெரிந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன; கைகள் நடுங்கின; முகத்தில் மட்டும் எவ்விதக் கலவரமும் இல்லை. அந்த ஐம்பத்தைந்து எண்ணிக்கைக்குள் அவருடைய உடலினுள்ளே என்னென்ன நிகழ்ந்திருக்கும் என்ற வினா அன்று முதல் நம்மை விடவில்லை.

நாம் மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவர். கல்லூரியில் பயின்றவை வரலாறும் இலக்கியமும். உடற்கூற்று நூலை வயது வந்த பின்பே விரித்துப் பார்த்தோம். ஆதலின் மருத்துவர் போலப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால், சொற்களைக் கொண்டு பிழைப்பவருக்கு இப்பொருளில் தொடக்கத்திலேயே ஓர் இடறல் உண்டு. ஆங்கிலத்தில் 'பிரஷர்' என்றால் நீரோ காற்றோ ஒரு பொருளின்மேல் சுமத்தும் பாரம். 'ஸ்ட்ரெஸ்' என்றால் அப்பாரத்தாலோ அச்சத்தாலோ உயிருக்கு நேரும் நெருக்கடி. தமிழிலே இரண்டினையும் 'அழுத்தம்' என்றே எழுதி வருகிறோம். அலுவலகக் கோப்புகளில் இது குழப்பந்தான். கடலடியிலோ, இரண்டும் ஒரே கணத்தில் ஒரே உடலின்மேல் வந்து விழுகின்றன. ஆகவே நம் முன்னோர் அங்கே ஒரு சொல்லோடு நின்றதில் பிழை காண்பதற்கில்லை.

மூழ்குந்தொழில் என்றவுடன் தமிழர் நினைவு தூத்துக்குடியை நோக்கியே செல்லும். தாமிரபரணியின் கழிமுகத்தருகே இருந்த கொற்கைத் துறையில் பாண்டியர் முத்துக் குளிப்பு நடத்தினர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'எரித்திரியக் கடற்பயண நூல்', அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று குறிக்கிறது. அணிந்தவர் எவராயினும், மூழ்கியவர்க்கு அது மகிழ்ச்சியான தொழிலாக இருந்திராது என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று. மன்னார் வளைகுடாவின் இருபுறமும் 'முத்துச் சலாபம்' என்ற பெயரில் குளிப்பு நடைபெற்றது. இலங்கைப் பகுதியில் 1905ஆம் ஆண்டு நடந்த சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பெற்றன. தூத்துக்குடியில் 1955ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கிய சலாப வரிசை 1961ஆம் ஆண்டோடு முடிவுற்றது. சங்கு குளிப்பு இன்னும் நடைபெறுகிறது. கல்கத்தாவில் வாழும் நேயர்கள் வங்காளத்து மணப்பெண்களின் கைகளில் வெண்சங்கு வளையலைக் கண்டிருப்பார்கள். அச்சங்குகளில் பல நம் கடற்கரையிலிருந்து போனவையே.

பழைய முறை எளியது. கயிற்றில் கட்டிய கனத்த கல்லொன்றின்மேல் மூழ்குபவர் காலை ஊன்றுவார். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, மூக்கைப் பிடித்துக்கொள்வார். தோணியில் இருப்பவர் கயிற்றை விட்டதும் கல் அவரை அடித்தரைக்குக் கொண்டு சேர்க்கும். கிடைத்த சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ஆழம் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர். நேரம் ஒரு நிமிடம், அல்லது அதற்குச் சற்று மேல். சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்பவர் கரையில் அமர்த்தப்பெற்றார். மந்திரத்தால் சுறாவின் வாய் கட்டுண்டதோ இல்லையோ, மூழ்குபவரின் அச்சம் கட்டுண்டது. இதை நாம் நகையாட்டாகச் சொல்லவில்லை. அச்சத்துக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பு எத்துணை நெருங்கியது என்பதை இனிக் காணலாம்.

தோணியின் விளிம்பில் நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் இன்னும் நீரைத் தொடவில்லை. ஆனால் உடல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இடர் வரப்போகிறது என்று மூளை அறிந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது; மூச்சு வேகமடைகிறது. புலியைக் கண்டு ஓடவேண்டியவனுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தம். மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியவனுக்கோ இது பெரும் நட்டம். பிராணவாயு நிமிடந்தோறும் கூடுதலாகக் கரைகிறது.

அடுத்த கணம் முகம் நீரைத் தொடுகிறது. இங்கே ஓர் அதிசயம். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் மூக்கருகிலும் பரவியுள்ள நரம்புகள் குளிர்நீரை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை இதயத்தை நோக்கி 'மெல்ல நட' என்று கட்டளை இடுகிறது. 70 முறை துடித்த இதயம் 50 ஆகவும், பழகியவர்களிடம் அதனினும் குறைவாகவும் இறங்குகிறது. கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அங்குச் செல்லவேண்டிய இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கி வைக்கப்பெறுகிறது. பஞ்ச காலத்தில் குடும்பத் தலைவி அரிசியை யாருக்கு முதலில் போடுவாளோ அவ்வாறே உடலும் பகிர்ந்தளிக்கிறது. மண்ணீரலும் தன் பங்குக்குச் சுருங்கி, தான் சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை ஓட்டத்தில் சேர்க்கிறது. நீர்நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள இந்த மூழ்குணர்ச்சி மனிதனிடத்தும் எஞ்சியிருக்கிறது. ஷோலாண்டர் என்னும் உடலியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் முத்துக் குளிப்போரிடம் இதனை ஆராய்ந்து 1962இல் வெளியிட்டனர். தென்கிழக்காசியக் கடல்களில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அண்டையிலுள்ள உழவர் குடியினரின் மண்ணீரலைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது என்று 2018இல் கண்டறிந்தனர். மூழ்காதிருக்கும் பஜாவ் மக்களுக்கும் அவ்வாறே இருந்ததாம். பரம்பரையே உடலை மாற்றியிருக்கிறது.

ஆக, ஒரே நேரத்தில் இதயத்துக்கு இரண்டு கட்டளைகள். அச்சமும் குளிரின் அதிர்ச்சியும் 'ஓடு' என்கின்றன. நீர் தொட்ட முகம் 'நில்' என்கிறது. பழகிய மூழ்காளரிடம் இரண்டாவது கட்டளை வெல்கிறது. பழகாதவர் திடீரெனக் குளிர்நீரில் வீழ்ந்தால் இரண்டும் மோதிக்கொண்டு இதயத்தின் தாளமே தவறிப்போகக் கூடும். நீந்தத் தெரிந்தவர்களும் சில வேளை கரையருகிலேயே மாண்டுபோவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றென அறிஞர் கருதுகின்றனர். கடல்கட்டி கரையில் அமர்ந்து முணுமுணுத்தது எந்தக் கட்டளைக்குத் துணை செய்தது என்பதை நேயர்களே உய்த்துணரலாம்.

இனி இறங்குவோம். நிலத்தில் நிற்கும்போதே வளிமண்டலம் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையோடு அழுத்துகிறது. மொத்த உடலுக்கும் கணக்கிட்டால் 17 டன்னுக்குக் குறையாது. உள்ளிருந்தும் அதே அளவு எதிர்த்து நிற்பதால் நாம் உணர்வதில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் ஒரு வளிமண்டலப் பாரம் சேருகிறது. 20 மீட்டர் ஆழத்தில் மும்மடங்கு. இதைக் கேட்டவுடன் எலும்பு நொறுங்காதா என்று வினவத் தோன்றும். நொறுங்குவதில்லை. தசையும் இரத்தமும் பெரும்பாலும் நீரே. நீர் எளிதில் சுருங்காது. தொல்லை எல்லாம் உடலில் காற்று அடைபட்டுள்ள இடங்களில்தான்.

முதலில் முறையிடுவது காது. இரண்டு மூன்று மீட்டரிலேயே செவிப்பறை உட்புறம் வளைந்து வலிக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் திறந்து காற்று நிரம்பி வலி தணியும். மூழ்காளர் மூக்கைப் பிடிப்பது நீர் புகாமைக்காக மட்டுமன்று. சளி பிடித்திருந்தால் அக்குழல் திறவாது. வலியைப் பொருட்படுத்தாது இறங்கினால் செவிப்பறை கிழியும்.

அடுத்தது நுரையீரல். ஆறு லிட்டர் காற்றோடு மூழ்கியவரிடம் 10 மீட்டரில் அதே காற்று மூன்று லிட்டர் இடத்தில் ஒடுங்குகிறது. 20 மீட்டரில் இரண்டு. 30 மீட்டரில் ஒன்றரை. எவ்வளவு முயன்று மூச்சை வெளிவிட்டாலும் நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்று ஏறத்தாழ அவ்வளவே. அதற்குக் கீழே சென்றால் மார்புக்கூடு நசுங்கிவிடும் என்றே முன்னாளில் எண்ணினர். ஆனால் 1968இல் ராபர்ட் கிராஃப்ட் என்ற அமெரிக்கக் கடற்படை வீரர் ஒரே மூச்சில் 73 மீட்டர் இறங்கி மீண்டார். ஜாக் மயோல் என்ற பிரெஞ்சுக்காரர் 1976இல் 100 மீட்டரைத் தொட்டார். எவ்வாறு? கை கால்களிலிருந்து ஒதுங்கிய இரத்தம் மார்பினுள் வந்து, காற்று விட்டுச்சென்ற இடத்தை நிரப்புகிறது. மார்புக்கூடு நசுங்காமல் உள்ளிருந்தே முட்டுக்கொடுக்கிறது. இவ்வாறு நடுவுடலில் மிகும் இரத்தத்தைக் கண்டு, உடலில் நீர் கூடிவிட்டதென்று சிறுநீரகங்கள் ஏமாந்து போகின்றன. நீரிலிருந்து எழுந்தவர் ஒதுக்குப்புறம் தேடி விரைவது இதனாலேதான். அறிவுள்ள உடலும் சில இடங்களில் ஏமாறவே செய்கிறது.

அந்த ஏமாற்றம் உயிரைக் குடிக்கும் இடம் ஒன்று உண்டு. மூச்சடக்கியவருக்கு 'இனி முடியாது' என்ற தவிப்பு எதனால் வருகிறது? பிராணவாயு குறைந்துவிட்டதால் என்றே பலரும் எண்ணுவர். உண்மை வேறு. கரியமில வாயு சேர்ந்துவிட்டது என்பதையே மூளை முதன்மையாக அளக்கிறது. பிராணவாயுவின் குறைவை அது எளிதில் உணர்வதில்லை. நீந்தும் இளைஞர் சிலர், மூழ்குமுன் விரைவாக இருபது முப்பது முறை மூச்சிழுத்து விட்டால் நெடுநேரம் தாங்கலாம் என்று கண்டுகொள்கின்றனர். அதனால் பிராணவாயு அதிகம் சேர்ந்துவிடுவதில்லை. கரியமில வாயுதான் வெளியேறிவிடுகிறது. அதாவது, காவற்காரன் வாயில் துணியை அடைத்துவிட்டுத் திருட்டுப் பயமில்லை என்று உறங்குவது போல. தவிப்பு வருமுன்பே நினைவு தப்பிவிடும். அதிலும் ஆழத்தில் நீரின் பாரம் நுரையீரலின் பிராணவாயுவை இரத்தத்துள் நெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். மேலேறும்போது அந்தப் பாரம் தளர, பிராணவாயுவின் நெருக்கமும் சட்டென்று வீழும். ஆகையால் மூழ்காளர் மயங்குவது பெரும்பாலும் அடித்தரையில் அன்று. மேற்பரப்பின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் கடைசிச் சில மீட்டர்களில்தான். நீச்சல் குளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் தில்லிப் பெற்றோர் இந்த ஒன்றை மட்டும் அவர்கள் காதில் போட்டு வைக்கலாம்: மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுக்கும் போட்டி வேண்டாம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பெரியவரோடு உரையாடும் வாய்ப்புக் கிடைத்தது. எழுபத்தைந்து வயதிருக்கும். இளமையில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். ஒரு காது சரியாகக் கேளாது, மற்றபடி திடமானவர். அவருடைய மகனும் சங்கு குளிப்பவரே. ஆனால் மகன் செல்லும் படகில் காற்றடிக்கும் பொறி உண்டு. அதிலிருந்து வரும் நீண்ட குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால் மூச்சைப் பற்றிக் கவலையில்லை. மணிக்கணக்கில் அடித்தரையில் நடக்கலாம். நாற்பது வயது நிரம்பாத அந்த மகன் மாலைவேளையில் படியேற முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள்மூட்டிலும் வலி என்றார். 'குளிர் ஏறியிருக்கும், தைலம் தேய்த்தால் போகும்' என்று வீட்டார் சொன்னார்கள்.

பெரியவர் மட்டும் நம்மிடம் தனியே சொன்னார்: "எங்க காலத்துல மூச்சு முடிஞ்சா மேல வந்துதான் ஆகணும், தம்பி. மூச்சுதான் எங்களுக்கு மணி. இவனுக்கு அந்த மணியே அடிக்கிறதில்ல."

எந்த நூலிலும் இதைவிடத் தெளிவாக நாம் படித்ததில்லை. ஒரே மூச்சில் இறங்கியவர் எடுத்துச் சென்றது ஒரு நெஞ்சளவு காற்று. அது தீருமுன் மீண்டார். குழாயிற் சுவாசிப்பவரோ, ஆழத்தின் பாரத்துக்கு ஈடாக நெருக்கப்பட்ட காற்றை மணிக்கணக்கில் உள்வாங்குகிறார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை உடல் பயன்படுத்துவதில்லை. ஆனால் பாரத்தால் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து சேருகிறது. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி இருக்கும்வரை நீர் தெளிவாக இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் குமிழிகள் பொங்குகின்றன. விரைந்து மேலேறும் மூழ்காளரின் உடலில் நிகழ்வதும் அதுவே. குமிழி மூட்டில் தங்கினால் வலி, தோலில் அரிப்பு, முதுகுத்தண்டில் தங்கினால் கால் மரத்து, சிறுநீர் கட்டி, வாழ்நாள் முழுவதும் முடமாதலும் கூடும். மூளையை அடைந்தால் சொல்ல வேண்டியதில்லை. மேலேறியவுடன் நலமாக இருந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்தே இவை தோன்றுவதும் உண்டு. அதனால்தான் கடலின் மேல் யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

இந்நோயை உலகம் பரவலாக அறிந்தது கடலில் அன்று, பாலங்களில். 1870களில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் பெரும் பாலங்களுக்கு அடித்தளம் இட, காற்று நெருக்கிய பேழைகளை ஆற்றடியில் இறக்கி அதனுள் தொழிலாளரை இறக்கினர். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் உடல் முறுக்கிக்கொண்டு விழுந்தனர், பலர் மாண்டனர். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளரான வாஷிங்டன் ரோப்ளிங்கே அதனால் நோயுற்றுப் படுக்கையிலிருந்து பணியை நடத்தினார். பால் பெர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878இல் நைட்ரஜனே காரணம் என்று நிறுவினார். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, நேரே மேலேறாமல் இடையிடையே நின்று, கரைந்த வாயு மூச்சின் வழியே வெளியேற நேரம் கொடுத்து ஏறவேண்டும் என்று கண்டு, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்னும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் மூழ்காளர் பின்பற்றும் முறைகளின் மூலம் அதுவே.

மூச்சடக்கி மூழ்குவோர் இந்நோய்க்கு முற்றிலும் விலக்கானவர் என்று சொல்லிவிடவும் முடியாது. தென் பசிபிக்கில் துவாமோத்து தீவுகளில் முத்துச்சிப்பி எடுப்போர் 30 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் மூழ்கினர். அவர்களுள் பலருக்குத் தலைசுற்றலும் முடக்கமும் சித்தக் கலக்கமும் வந்தன. 'தாரவானா' என்று அந்நோய்க்குப் பெயரிட்டிருந்தனர். அருகிலுள்ள மங்கரேவா தீவினருக்கு மட்டும் அது வரவில்லை. ஆராய்ந்தபோது, அவர்கள் ஒவ்வொரு மூழ்கலுக்கும் இடையே 12 முதல் 15 நிமிடம் வரை ஓய்வு கொள்வது வழக்கமென்று தெரிந்தது. வேறு மருந்தொன்றும் இல்லை. 1965இல் அச்சான அந்த ஆய்வைப் படித்தபோது, முன்னாளில் நம் தோணிகளில் இருவர் மாறிமாறி மூழ்கியதும், ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாறியதும் நினைவுக்கு வந்தன.

குழாயிற் குளிப்போர் வலி கண்டவுடன் மீண்டும் நீருள் இறங்குவதும் உண்டு. இறங்கினால் குமிழி சுருங்கி வலி தணிவது மெய்தான். ஆனால் அங்கே சுவாசிக்கும் அதே காற்றால் மேலும் நைட்ரஜன் சேரும்; ஏறும்போது முன்னிலும் மோசமாகத் திரும்பி வரும். பொறியின் புகைபோக்கிக்கு அருகிலேயே காற்றை உறிஞ்சும் வாயும் இருந்துவிட்டால் நச்சுப் புகையும் குழாய்வழி நெஞ்சை அடையும். வலி கண்டவரைப் படுக்க வைத்து, தூய பிராணவாயு கொடுத்து, காலந்தாழ்த்தாது அழுத்த அறையுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை. அத்தகைய அறைகள் கடற்படைத் தளங்களிலும் சில பெரிய நகரங்களிலுமே உள்ளன. மீனவர் குப்பத்திலிருந்து அவற்றுக்கான தொலைவு பெரிது. தைலம் அருகிலேயே கிடைக்கிறது.

தில்லியில் உள்ள நமக்கும் இச்செய்தியில் ஒரு பங்கு உண்டு. அரசுப் பணியாளர் விடுமுறைப் பயணச் சலுகை பெற்று அந்தமானுக்குச் செல்வது இப்போது பெருவழக்கு. அங்கே காற்றுருளையை முதுகில் கட்டிக்கொண்டு பவளப் பாறைகளைக் காண இறங்குவோரும் பலர். காலையில் கடலடியில் இருந்துவிட்டு மாலையில் விமானம் ஏறுவது தகாது. வானூர்தியின் உள்ளே காற்றின் அழுத்தம் நிலத்தில் உள்ளதில் முக்கால் பங்கே இருக்கும். உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு அதுவே கோலியைத் தட்டிவிட்டது போலாகும். ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். விடுப்பு ஒரு நாள் குறைகிறதே என்று கணக்குப் பார்க்கும் இனத்தவர் நாம் என்பதை அறிந்தே சொல்லுகிறோம்.

இவற்றுக்கும் கீழே, மிக ஆழத்தில், வேறு இடர்கள் உள்ளன. 30 மீட்டருக்குக் கீழ் நைட்ரஜன் மதுவைப் போல மயக்கத் தொடங்கும். ஆகவே ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கின்றனர். 1992இல் மார்செய் நகரின் சோதனை அறையொன்றில், ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் சுவாசித்து 701 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தை ஒரு மனிதர் தாங்கினார். அதற்கும் அப்பால் செல்ல உடலைப் பழக்குவதை விட்டுவிட்டு உடலைப் பேழைக்குள் வைப்பதே வழி. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் 'மத்ஸ்யா 6000' அத்தகையது. 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளத்துக்குள் மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் இறங்க வேண்டுமென்பது திட்டம். வெளியே 600 வளிமண்டலப் பாரம். உள்ளே நம் வீட்டுக் கூடத்துக் காற்று. அவர்களுக்கு எஞ்சியிருப்பது நெருக்கடி என்ற பொருளில் வரும் அழுத்தம் மட்டுமே.

ஊரிலிருந்து புறப்படுமுன் பெரியவர் ஒரு வேலை இட்டார். "இங்கிலீஷ்ல இருக்கிறத எல்லாம் தமிழ்ல எழுதுறவுகதானே நீங்க. இவன் படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி ஒரு காகிதம் எழுதிக் கொடுங்க" என்றார். தில்லி திரும்பியதும், கடல்சார் மருத்துவம் அறிந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் எழுதினோம். மெல்ல ஏறுதல், மேற்பரப்புக்குச் சற்று முன் கயிற்றைப் பிடித்து நிற்றல், வலி கண்டால் மீண்டும் இறங்காமை, பொறியின் புகை படாத இடத்தில் காற்று வாயை வைத்தல். தலைப்பாக 'அழுத்தத் தளர்வு முறைகள்' என்று அலுவலக வழக்கப்படி இட்டு அனுப்பினோம்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. பேத்தியை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "மத்ததெல்லாம் சரி, தம்பி. தலைப்புதான் கோர்ட்டுக் காகிதம் மாதிரி இருக்கு. 'தங்கி ஏறு'ன்னு எழுதுங்க. அவனுக்கு விளங்கும்" என்றார். இருபது ஆண்டு மொழிபெயர்ப்பில் நம் சொல்லை இவ்வளவு நேர்த்தியாகத் திருத்தியவர் வேறொருவர் இல்லை. 'தங்கி ஏறுதல்' என்று திருத்திய தாளை மறுநாளே அஞ்சலில் சேர்த்தோம். மகன் இப்போது கயிற்றைப் பிடித்துச் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே வருகிறாராம். அவர் அவ்வாறு நிற்கும் நேரத்துக்கு எரியும் டீசலை யார் கணக்கில் எழுதுவது என்று படகுக்காரரோடு நடக்கும் வழக்குத்தான் இன்னும் ஓய்ந்தபாடில்லை என்று பெரியவர் சொன்னார்.